முதலில் பஸ், பிறகு டோல்: நெடுஞ்சாலை 37-இன் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஓடும் நெடுஞ்சாலை 37-இல் டோல், அதாவது சாலைக் கட்டணம், வசூலிக்கப்போவது பற்றி அண்மையில் எங்கள் வல்லேஹோ நகரில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினீர்கள். மாலை ஆறு மணிக்கு என்று அறிவித்திருந்தீர்கள். வேலை நாளில், மாலை ஆறு மணிக்கு, இந்தச் சாலையில் போய்வருகிறவர்கள் எங்கே நின்றுகொண்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றவர் புன்னகையோடு ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார். சாலையைப் பயன்படுத்துகிறவர்களே அதன் செலவிலும் பங்கெடுப்பது நியாயம் என்ற பொருளில் அதில் ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்திக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. முதலில் பஸ் விடுங்கள், பிறகு டோல் கேளுங்கள்.

சாலையின் கதை உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. மேற்கே நொவாட்டோ நகரில் நெடுஞ்சாலை 101-ஐ விட்டுப் பிரிந்து, சான் பாப்லோ விரிகுடாவின் வடகரையை ஒட்டி ஓடி, கிழக்கே வல்லேஹோவில் நெடுஞ்சாலை 80-ஐத் தொடும் வரை சுமார் 21 மைல். இரு முனைகளிலும் தாராளமாக நான்கு தடங்கள். நடுவில், சியர்ஸ் பாயிண்டிலிருந்து மேர் தீவு வரையுள்ள ஏறத்தாழ பத்து மைலுக்கு மட்டும் போக ஒன்று, வர ஒன்று. எதிரெதிரே வந்த வண்டிகள் மோதி அத்தனை உயிர்கள் போனதால் ‘இரத்தச் சந்து’ என்றே அந்தத் துண்டுக்கு ஒரு காலத்தில் பெயர். 1995-இல் நடுவே சிமெண்ட் தடுப்பு வைத்தார்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. தடுப்பு வந்த பிறகு அதற்குள் மாட்டிக்கொண்டவர் திரும்பிப் போகவும் வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் வல்லேஹோக்காரர்கள் மேற்கே போகும்போது மேர் தீவருகே இரண்டு தடம் ஒன்றாகிறது. மாலையில் திரும்பும்போது சியர்ஸ் பாயிண்டில், நெடுஞ்சாலை 121 வந்து சேரும் சிக்னலைத் தாண்டியதும் அதே கதை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்பது செய்தியாகக்கூட வருவதில்லை. அங்கேயுள்ள கார் பந்தய மைதானத்தில் பெரிய போட்டி நடக்கும் வார இறுதிகளைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

நொவாட்டோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என்னோடு பணிபுரியும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு வேலை முடிவது நாலரை மணிக்கு. சாலை காலியாக இருந்தால் வல்லேஹோவுக்கு அரை மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். மகன் இருக்கும் குழந்தைக் காப்பகத்தை ஆறு மணிக்கு மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடத்துக்கும் அபராதம். திரும்பத் திரும்பத் தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கடிதம் வரும். அந்தக் கடிதம் அவருக்கு ஒருமுறை வந்துவிட்டது. இப்போதெல்லாம் நாலேகால் ஆனதும் அவர் கண் சுவரிலிருக்கும் கடிகாரத்துக்குப் போய்விடும். அந்த நேரம் பெரும்பாலும் அவர் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பார். பாட்டி மெல்ல மெல்லத்தான் விழுங்குவார், அவசரப்படுத்தினால் புரையேறும். மீதிக் கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடுவதா, ஊட்டி முடித்துவிட்டு அபராதம் கட்டுவதா என்று அந்தப் பெண் தினமும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஓடினாலும் சியர்ஸ் பாயிண்டில் நிற்கத்தான் போகிறார். அங்கிருந்து காப்பகத்துக்குப் போன் செய்வார். காலணியும் பையும் மாட்டி மகனை வாசலிலேயே உட்கார வைத்திருப்பார்கள்.

அவர் இந்தச் சாலைக்காக இதுவரை காசே கட்டவில்லை என்பதுபோல உங்கள் துண்டறிக்கை பேசுகிறது. மாதாமாதம் காப்பகத்தின் ரசீதில் அவர் கட்டுவதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

இங்கே டோல் புதிதும் அல்ல. 1928-இல் ஒரு தனியார் கம்பெனி டோல் சாலையாகத் திறந்த பாதைதான் இது. 1938-இல் மாநில அரசு அதை வாங்கிக் கட்டணத்தை நீக்கியது. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நாம் கிளம்பிய இடத்துக்கே வருகிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கம்பெனியிடம் காசு கொடுத்தவர்களுக்கு அன்று சுற்றிப் போகாத ஒரு வழியாவது கிடைத்தது.

சாலை மூழ்கப்போகிறது, பணம் வேண்டும் என்பீர்கள். மறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, நீரை வடித்து, வைக்கோல் வயலாக்கினார்கள். காய்ந்த நிலம் உள்வாங்கிக் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் மேல் போட்ட சாலைக்கு வேறென்ன நடக்கும்? 2017 தொடக்கத்தில் நொவாட்டோ ஓடை பெருகி வாரக்கணக்கில் வழி அடைபட்டது. 2019 பிப்ரவரியில் கரை உடைந்து மறுபடியும் அடைபட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல இடங்கள் நிரந்தரமாக நீருக்குள் போகலாம் என்று உங்கள் ஆய்வுகளே எச்சரிக்கின்றன. தூண்கள் மேல் உயர்த்திய சாலை ஒன்றே முடிவான தீர்வு, அதற்குப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்பதும் தெரியும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக, ஏறக்குறைய இப்போதுள்ள அகலத்திலேயே திசைக்கு ஒரு கார்பூல் தடம் (பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கான தடம்) சேர்த்து, டோலே கிரீக் பாலத்தை நீட்டிக் கட்டி, சதுப்புக்குள் அலைநீர் போய்வர விடப்போகிறீர்கள். உப்புச் சதுப்பு எலி அங்கே பிழைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். கடல்நீரைக் குடித்தும் உயிர்வாழக்கூடிய ஜீவன் அது. எங்களில் யாருக்கும் அந்தத் திறமை வாய்க்கவில்லை.

கார்பூல் தடத்தில் போனால் சலுகை என்கிறீர்கள். வேலை ஆறு மணிக்குத் தொடங்குகிறவரும் ஏழரைக்குத் தொடங்குகிறவரும் எப்படி ஒரே காரில் போவார்கள்? வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் விரிகுடாவின் அரசுப் பாலங்களில் 2025-இல் எட்டு டாலர் ஆகிவிட்ட கட்டணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு அதில் பாதி என்றாலும், சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறு தொகையல்ல. வேறு வழி இருந்தும் காரில்தான் போவேன் என்கிறவரிடம் டோல் கேட்பது முறை. எங்களுக்கு வேறு வழி எது? வல்லேஹோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ அலுவலகங்களுக்குப் போகிறவர்களுக்கு அழகான படகு இருக்கிறது. மேற்கே நொவாட்டோவுக்குப் பொதுப் போக்குவரத்தில் போக வேண்டுமானால் முதலில் தெற்கே எல் செரிட்டோவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரிச்மண்ட் பாலத்தைக் கடந்து சான் ரஃபேலுக்கு இன்னொரு பஸ், பிறகு வடக்கே மற்றொன்று. விரிகுடாவையே பிரதட்சிணம் வரச் சொல்கிறீர்கள்.

இந்த நிலைமையை நாங்கள் விரும்பி வாங்கி வரவில்லை. 1854 முதல் வல்லேஹோவுக்குச் சோறு போட்ட மேர் தீவுக் கடற்படைக் கப்பல் தளத்தை 1996-இல் மூடினார்கள். 2008-இல் நகராட்சியே திவால் மனு போட்டது. வேலை மேற்கே இருந்தது, கட்டுப்படியாகும் வாடகை கிழக்கே இருந்தது. நொவாட்டோ இருக்கும் மரின் கவுண்டி (மாவட்டம்) 1962-இல், விரிகுடாப் பகுதி ஊர்களை இணைக்கும் பார்ட் ரயில் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. வீடு கட்டவும் அங்கே ஆயிரம் ஆட்சேபணைகள். தங்கள் பெற்றோரைக் குளிப்பாட்ட, சமையலறையைத் துடைக்க, தோட்டத்தை வெட்ட எங்களைக் காலையில் வரவேற்பார்கள். இருட்டுவதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டால் எல்லோருக்கும் வசதி. அதற்கு வாடகைபோல இனி டோலும் நாங்களே கட்டுவதா? நொவாட்டோவிலிருந்து கிழக்கே போகும் சரக்கு ரயில் தண்டவாளம்கூட அந்தச் சதுப்பிலேயே கிடக்கிறது. அதில் பயணிகள் ரயில் ஓடுவதற்குள் என் பேரப்பிள்ளைகள் ஓய்வுபெற்றுவிடுவார்கள்.

இவையெல்லாம் உங்கள் இலாகாவுக்கு உட்பட்டவை அல்ல என்பீர்கள். சரி, உட்பட்டதற்கே வருகிறேன். டோலை எதிர்த்து இதை எழுதவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். புதிய தடம் திறக்கும் நாளிலேயே அதில் பஸ் ஓட வேண்டும். டோல் பிறகு வரட்டும். டோல் வருமானம் சேர்ந்த பின்னால் பஸ் பற்றி யோசிப்போம் என்றால், அந்த யோசனை எத்தனை ஆண்டு நீளும் என்பதை இந்தச் சாலையே எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

பஸ் என்றால் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்களுக்காகக் காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று என்று விட்டுவிடாதீர்கள். முதியோர் இல்லங்களில் முதல் பணிமுறை ஆறு, ஏழு மணிக்குத் தொடங்குகிறது. மாலைப் பணிமுறை இரவு பதினொன்றுக்கு முடிகிறது. உணவகங்களில் பாத்திரம் கழுவுகிறவர் அதற்கும் பிந்தித்தான் வெளியே வருகிறார். முதல் பஸ் விடியலுக்கு முன்பே வல்லேஹோவை விட்டுக் கிளம்ப வேண்டும். கடைசி பஸ் நள்ளிரவை ஒட்டி நொவாட்டோவிலிருந்து திரும்ப வேண்டும். சனி, ஞாயிறும் ஓட வேண்டும். டோல் தொடங்கும் தேதியை அறிவிக்கும் அறிக்கையிலேயே இந்த நேர அட்டவணையையும் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வல்லேஹோவாசி ஒருவர்