கல்லாகிப்போன தாடைக்கு ஒரு ரசீது வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அரியலூர்.

பொருள்: சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் ஓடைகளிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்விலங்குகளின் தாடை, பல் புதைபடிவங்களை ஒப்புகைச் சீட்டு கொடுத்துப் பெற்றுக்கொள்ளவும், வல்லுநரைக் கொண்டு அடையாளம் காணவும் ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நிற்பவர்களின் வரிசையில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு விலங்கின் தாடைக்காக மனுவோடு நிற்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொண்டே படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சாக்கில் சுற்றிய கல்லோடு வீட்டுக்கு வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். ஒரு சாண் நீளக் கல். ஒரு பக்கம் பார்த்தால் வெறும் சுண்ணாம்புப் பாறை. திருப்பினால் விளிம்பை ஒட்டி வரிசையாக மூன்று குழிகள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி நுழையும். மூன்றாவது குழிக்குள் ஒடிந்த பல்லின் அடிப்பகுதி கறுத்து மின்னியது. உடைந்த முனையில் தேனடை போல் நுண்துளைகள். நாக்கு நுனியை வைத்துப் பார்த்தேன், ஒட்டிப் பிடித்தது. நுண்துளையுள்ள எலும்புப் படிவம் ஈரத்தை இழுத்து இப்படி ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் கல் பெரும்பாலும் ஒட்டாது. வீட்டில் இருந்தவர்கள் முகம் சுளித்ததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவற்றின் முதுகெலும்புகள் நம் பகுதியில் கிடைத்து, 1879இல் லைடெக்கர் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் அவற்றுக்கு 'இண்டிகஸ்' என்று நம் நாட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார். அந்த இனமோ என்று ஆசைப்பட்டேன். ஆனால் அதன் பற்கள் ஒரே நீண்ட பள்ளத்தில் வரிசையாக நிற்கும். இங்கே இருந்தவை தனித்தனிக் குழிகள். மேலும் இக்தியோசர்கள் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போயின, நம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை அதற்குப் பிறகு படிந்தது. முதலை இனமாக இருக்கலாம், வேறொரு கடல் ஊர்வனவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல என் படிப்பு போதவில்லை.

இதில் என் தவறும் உண்டு. ஆர்வக் கோளாறில் குழாயடியில் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஒட்டியிருந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்கிளிஞ்சல்கள் இருந்திருக்கும், அந்தப் படிவு எந்தக் காலத்தது என்று சொல்பவை அவைதான். சாக்கடையில் போயின. எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று கேட்டதற்கு, அன்று மூன்று இடங்களில் லோடு ஏற்றியதாக ஓட்டுநர் சொன்னார். இடம் தெரியாத படிவம் பாதிப் படிவம்.

மீதிப் பாதியையாவது காப்பாற்றலாம் என்று பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓரிடத்தில், கல் என்றால் வேறு துறை என்றார்கள். அந்த வேறு துறையில், எலும்பு என்றால் இன்னொரு துறை என்றார்கள். மூன்றாம் இடத்தில் ஒருவர் இரக்கப்பட்டு வாங்கிப் பீரோவின் மேல் வைத்தார். ரசீது கேட்டேன். "கல்லுக்கு எல்லாம் ரசீதா?" என்றார். பதினான்கு மாதங்கள் கழித்துப் போனால் அவர் மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தார். பீரோவின் மேல் பழைய நாட்காட்டிகள்தான் இருந்தன. கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி ஏதும் இல்லை. அந்த லாரி ஓட்டுநர் அதன் பிறகு எந்தக் கல்லையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

ஒரு தாடைக்கு ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்விக்கு நம் மாவட்டத்துக் கல்லமேடே பதில். அங்கே கண்டெடுத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய புவியியலாளர்கள் இருவரும் 'புருகத்காயோசரஸ்' என்று பெயரிட்டார்கள், பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் என்று பதிவாகியுள்ளது. முதலில் அதை இறைச்சி தின்னும் டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற கருத்து வலுத்தது. உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக் கூடியது புலியா பசுவா என்பதிலேயே குழப்பம், ஏனென்றால் தாடை கிடைக்கவில்லை. பக்கவாட்டில் தட்டையாகி, பின்னோக்கி வளைந்து, ஓரத்தில் ரம்பப் பற்கள் உள்ள ஒரு பல் இருந்திருந்தால் இறைச்சி. எழுதுகோல் போன்ற பல் இருந்திருந்தால் இலை. ஒரு நாளில் முடிந்திருக்கும். அந்தக் கால் எலும்புகளும் சிதைந்துபோய் இன்று பார்க்கக்கூட இல்லை.

அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லை வைத்து, வட கண்டங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட ட்ரூடான்டிட் டைனோசர் குடும்பம் இந்தியாவிலும் இருந்தது என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மடகாஸ்கர் முதலை ஒன்றின் பல்லை ஒத்த பல்லும் அங்கே கிடைத்தது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழைக்குப் பின் நடந்தால் சுறாப் பற்கள் கிடைக்கும். சுறாவின் தாடை குருத்தெலும்பு, பெரும்பாலும் மட்கிவிடும், பல்தான் மிஞ்சும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அவற்றைப் பைநிறையப் பொறுக்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, தடுத்தால் "உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்பார்கள்.

ஆகவே தங்களிடம் கேட்பது பெரிய திட்டம் அல்ல. வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பதிவேடும், கார்பன் தாள் வைத்து எழுதும் ஒரு ரசீதுப் புத்தகமும் வைக்க உத்தரவிட வேண்டும். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்தச் சுரங்கத்தின் எந்த அடுக்கு, எடுத்த நாள், எடுப்பதற்கு முன் கைப்பேசியில் எடுத்த படம் – இவை பதிவானால் போதும். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து தொல்லுயிரியல் அறிந்த ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் வந்து, சேர்ந்தவற்றைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டுப் போகட்டும். பெயர் சொல்ல முடியாதவற்றை எடுத்துச் செல்லட்டும், அதற்கும் ரசீது கொடுத்துவிட்டு.

சுரங்கக் குத்தகைதாரர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வேண்டும். பல் வரிசையோ எலும்போ தென்பட்டால் அந்த ஒரு மூலையில் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னால் போதும். கடப்பாரை வேண்டாம், பசை வேண்டாம், கழுவவும் வேண்டாம். சுற்றியுள்ள பாறையோடு சேர்த்து ஈரக் காகிதம் மூடி, கால் முறிந்தவருக்குப் போடுவது போல் சாக்குத் துணியும் பாரிஸ் சாந்தும் வைத்து மாவுக்கட்டுப் போட்டுத் தூக்குவதுதான் முறை. இதை மேற்பார்வையாளர்களுக்கு அரை நாளில் கற்றுக்கொடுக்கலாம். அழைத்தால் நானும் வருகிறேன், பயணப்படி கேட்க மாட்டேன்.

இன்னொன்று. கொண்டுவந்து கொடுப்பவர் மீது, எங்கே திருடினாய் என்ற விசாரணை வரக்கூடாது. புதைபடிவம் போன்ற புவிமரபுச் சின்னங்களுக்கான வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, தாமாக ஒப்படைப்பவர்கள் அச்சமின்றி வரலாம் என்று தங்கள் பெயரில் ஓர் அறிவிப்பு ஊராட்சிப் பலகைகளில் ஒட்டப்பட வேண்டும். 2020இல் குன்னம் பக்கம் கல் உருண்டைகளை டைனோசர் முட்டை என்று நம்பிக் கூட்டம் கூடியதையும், அவை முட்டை அல்ல என்று பிறகு வல்லுநர்கள் சொன்னதையும் நினைவூட்டுகிறேன். தவறான கல்லைக் கொண்டுவந்தாலும் திட்டாமல் ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். பத்துக் கல்லில் ஒன்று தாடையாக இருக்கும்.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறும், இந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: காணாமல்போன தாடையை, அதைக் கழுவிய அன்று பள்ளி அளவுகோலை அருகில் வைத்து எடுத்த புகைப்படங்கள் – 2.