பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும்

ஐயா, மழைக்குப் பின் பார்த்தீனியம் பரவுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். இதை வெறும் களையாகப் பார்க்கக் கூடாது, மூச்சுத்திணறலும் தோல் அரிப்பும் தருகிற செடி இது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட இன்னும் செழிக்கிறது, பருவம் தவறிப் பெய்யும் ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கிறது, ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைகளை உதிர்க்கிறது. போன மாதம் தெருக்கோடிக் காலிமனையில் என் அம்மா வழக்கம்போல வெறுங்கையால் நாலு செடி பிடுங்கினார். மறுநாள் முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அப்புறம் பத்து நாள் களிம்பு.

நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஊராட்சிகள் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, வெள்ளைப் பூ தலைகாட்டும் முன்பே இந்தச் செடியை வேரோடு எடுக்கச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகர், பொள்ளாச்சி