இளகும்வரை சாவியைத் தொடாதே

மண்டபம்,
மார்கழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேற்று ராத்திரி நான் போனில் பேசியபோது உனக்குக் காலை நேரம், வேலைக்குக் கிளம்புகிற அவசரம். நான் சொன்னதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்றாய். பாதிகூட மனதில் நின்றிருக்காது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

கனடாக் குளிரில் உன் காரின் கூலன்ட், அதாவது என்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம், உறைந்துபோயிருக்கிறது. முதல் விஷயம்: வண்டி முழுக்க இளகும்வரை சாவியைத் தொடாதே. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு, சூட்டில் தானாக உருகிடும்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கேட்காதே. என்ஜினுக்குள் ஓடவேண்டிய கூலன்ட் கட்டிப்போய்க் கிடக்கும்போது வாட்டர் பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றாவிட்டால் அதை இழுக்கிற பெல்ட் வழுக்கும். காலையில் 'கீச்'சென்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாயே, அது பெல்ட்டாகத்தான் இருக்கும். பிடிவாதமாக ஓட்டினால் பெல்ட் அறும், இல்லையென்றால் பம்ப் உடையும். பம்ப் எப்படியோ சுற்றிவிட்டாலும் முன்னால் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே மைனஸ் 25, உள்ளே என்ஜினின் மேல்பாகமான ஹெட் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கிற கேஸ்கெட் போய்விடும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது, டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறுகிறது என்று கண்டதுமே நீ நிறுத்தியது ரொம்ப நல்ல காரியம். என்ஜின் பிழைத்திருக்கும் என்று நான் நம்புவதே அதனால்தான்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலன்ட் டப்பாவில் பச்சை வெளுத்துப்போய், பனித்துகளும் நீருமாகக் குழகுழவென்று நிற்கிறது. கல்லாக இறுகவில்லை. அதாவது கூலன்ட் அடியோடு இல்லாமல் போகவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் இந்நேரம் என்ஜினின் உடலான பிளாக்கே வெடித்திருக்கலாம்.

நீ சின்னப் பிள்ளையில் என்னோடு ஐஸ் கம்பெனிக்கு வந்து பலகைமேல் நின்று வேடிக்கை பார்ப்பாயே, அந்தத் தொட்டியை நினைத்துக்கொள். பலகையைத் தூக்கினால் வரிசையாகத் தகரக் கேன்கள். கேனுக்குள்ளே நல்ல தண்ணீர், கேனைச் சுற்றிலும் உப்புத் தண்ணீர். அமோனியாக் குழாய் அந்த உப்புத் தண்ணீரை மைனஸ் 10 வரை குளிரவைக்கும். அவ்வளவு குளிரிலும் அது உறையாமல் குழாயைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். கேனில் இருக்கிற நல்ல தண்ணீரோ ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகி, கடைசியில் நடுவும் கட்டியாகிவிடும். உறையாமல் ஓடுவதுதான் உப்புத் தண்ணீரின் வேலை. உன் வண்டியில் கூலன்ட்டுக்கும் அதே வேலைதான்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உனக்கு இப்போது உதவும். கேன் நிரப்பும்போது சிந்துகிற தண்ணீர், ஓட்டைக் கேனிலிருந்து கசிகிற தண்ணீர் எல்லாம் தொட்டியில் சேர்ந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கவைக்கும். கண்ணால் பார்த்தால் தொட்டி நேற்று இருந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அமோனியாக் குழாய்மேல் ஐஸ் படியத் தொடங்கிவிடும். படிந்த ஐஸ் குளிரை வெளியே விடாது, ஓட்டம் மந்தமாகும், விடியற்காலையில் படகுக்காரர்கள் பெட்டியோடு வந்து நிற்கும்போது கேனுக்குள் நடுவில் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தினமும் உப்பின் செறிவைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அளவு பார்த்து உப்புப் போடுகிறோம். நிறத்தைப் பார்த்து யாரும் உப்புப் போடுவதில்லை.

நீ ஆகஸ்ட்டில் டப்பா குறைந்திருக்கிறதே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றினாயே, அதுவும் இதையேதான் செய்திருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, தாயி. நம் ஊரில் கார், ஆட்டோ, லோடு வண்டி வைத்திருக்கிற எத்தனையோ பேர் குடத்துத் தண்ணீரைத்தான் சாய்க்கிறார்கள். மார்கழியில்கூட இந்தக் கடற்கரையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதிசயம். உறைவது என்ற பேச்சே இல்லை. இங்கே அந்தத் தண்ணீர் செய்கிற கெடுதல் வேறு. போர் தண்ணீரில் இருக்கிற உப்பு ரேடியேட்டர் குழாயில் வெள்ளையாகப் பூத்து அடைத்துவிடும், இரும்பை அரித்துவிடும். ஆனால் உன் வின்னிபெக்கில் அது மைனஸ் 30 வரும்போது கணக்குக் கேட்கும்.

கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள். அந்தத் திரவத்தின் பெயர் எத்திலீன் கிளைக்கால். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது. கிளைக்கால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் மைனஸ் 17, 18-லேயே பனி கட்டத் தொடங்கிவிடும். உன் வண்டி இப்போது ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கவேண்டும். 60 பங்கு கிளைக்கால், 40 பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். சரி, அப்படியானால் தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலன்ட்டையே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்! சூட்டை எடுத்துப்போவதிலும் தண்ணீர் கலந்ததுதான் கெட்டி. 60-ஐத் தாண்ட உனக்குத் தேவையே வராது. எங்கள் உப்புக்கும் இதே குணம் உண்டு: 23 சதவீதம் போட்டால் மைனஸ் 21 வரை தாங்கும், அதற்குமேல் அள்ளிக் கொட்டினாலும் பலன் இல்லை, திரும்ப மேலே ஏறிவிடும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். அதற்காகத்தான் நாங்கள் கேனை விளிம்புவரை நிரப்புவதில்லை. என்ஜின் பிளாக்கில் அப்படி விட்டுக்கொடுக்க இடம் இல்லை. பிளாக்கின் பக்கத்தில் வட்ட வட்டமாகத் தகட்டு மூடிகள் இருக்கும். வார்ப்பு மணலை எடுக்க விட்ட துளைகளை அடைத்த மூடிகள் அவை. பனி பெருக்கும்போது அந்த மூடி பிதுங்கி வந்து பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்பார்கள். சில நேரம் நடக்கும். அதை நம்பி இருக்கமுடியாது.

இப்போது இளக்குவது எப்படி என்று பார்ப்போம். டோ வண்டி வைத்து, சூடு போட்டிருக்கிற மெக்கானிக் ஷெட் ஒன்றில் கொண்டுபோய் விடு. ஒரு முழு நாளாவது அங்கே நிற்கட்டும், இன்னும் கொஞ்சம் கூட நின்றாலும் நல்லது. டோவுக்குச் செலவாகுமே என்று தயங்காதே. ஹெட் கேஸ்கெட் போனால் ஆகிற செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பணம் குறைந்தால் அப்பாவிடம் சொல். ஐஸ் பாரைக் கேனிலிருந்து கழற்ற நாங்கள் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் கேனை முக்கிக் கொஞ்ச நேரம் காத்திருப்போம், பார் தானாக நழுவி வரும். உன் வண்டிக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ரேடியேட்டர்மேல் கொதிநீர் ஊற்றாதே. உறைந்து கிடக்கிற உலோகத்தில் திடீரென்று சூடு பட்டால் விரிசல் விடும். அடியில் நெருப்பு மூட்டுவது, பானெட்டுக்குள் ரூம் ஹீட்டரை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவது, இந்த வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கதவை மூடிய கராஜுக்குள் எந்த வண்டியையும் ஓடவிட்டுச் சூடேற்றாதே, ஒரு நிமிஷம்கூட. அமோனியா கசிந்தால் மூக்கே எச்சரித்து ஓடவைத்துவிடும். புகைக்குழாயில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தெரிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும்.

உன் வண்டி முன்னால் பிளக் ஒன்று தொங்குகிறதே, எதற்கு என்று கேட்டாய். அது பிளாக் ஹீட்டரின் ஒயர். உன் ஊரில் வண்டி நிறுத்துகிற இடங்களில்கூட அதற்குப் பிளக் பாயின்ட் இருக்கும். நல்ல சாமான்தான். ஆனால் இப்போது அதைச் செருகாதே. அது பிளாக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சுடவைக்கும். முன்னால் ரேடியேட்டர் அப்படியே கிடக்கும். எல்லாம் சரியான பிறகு, கடுங்குளிர் நாட்களில் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் செருகினால் போதும், ராத்திரி முழுக்கக் கரண்ட் செலவழிக்க வேண்டியதில்லை.

இளகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ரேடியேட்டரின் மேலும் கீழும் போகிற ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார். உறைந்திருந்தால் கட்டைபோல் நிற்கும். இளகினால் எல்லா இடத்திலும் அமுங்கி எழும். உள்ளே நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் காத்திரு. வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வை. விரிசல் இருந்தாலும் உறைந்திருக்கும்வரை பனியே அதை அடைத்துக்கொண்டிருக்கும்; இளகிய பிறகுதான் சொட்டும். அதனால் "நேற்றுப் பார்த்தேன், ஒழுகவே இல்லை" என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அப்புறம் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார். ஆயிலில் பால் கலந்த நிறம் வந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. அது சுத்தமாக இருந்தால், கைப்பம்ப்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல். அழுத்தம் இறங்காமல் நின்றால்தான் அடுத்த வேலை.

கூலன்ட் மாற்றும்போது பாதி மெக்கானிக்குகள் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பழையதை வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும் பிளாக்குக்குள்ளும் ஹீட்டர் குழாயிலும் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் கடையில் பாதிக்குப் பாதி கலந்தே விற்கிற கூலன்ட்டை ஊற்றினால் மறுபடி நீர்த்துத்தான் போகும். அதனால் கலக்காத கூலன்ட்டை வாங்கு. வண்டிப் புத்தகத்தில் மொத்தம் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். அதில் பாதியளவுக்குக் கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பச் சொல். எந்த வகைக் கூலன்ட் என்பதையும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே வாங்கு. பச்சைக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு என்று நிறத்தை நம்பாதே, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சாயம் போடுகிறது. கடைசியில் காற்றை வெளியேற்றி, ஹீட்டரில் நல்ல சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை வாங்கவேண்டும்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்ட விடாதே. அது விஷம். இனிப்பாக இருக்கும் என்பதால் நாய், பூனை நக்கிவிடும், குழந்தைகள்கூட. கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தை அழித்துவிடும். உன் வீட்டு ஓனரின் நாய் நீ வண்டி நிறுத்துகிற இடத்தில்தானே சுற்றிக்கொண்டிருக்கும், தரையில் சிந்தியிருந்தால் இன்றைக்கே துடைத்துவிடு.

நம் தெருக்கோடியில் இருக்கிற பெரியப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். நேற்று அவரிடம் சொன்னேன். லடாக்கில் முன்பெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியென்றால் ராத்திரியே வடித்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித்தான் எடுப்பார்களாம். "பாட்டரியையும் பார்க்கச் சொல்லு, குளிரில் அதுதான் முதலில் படுக்கும்" என்றார். அதையும் பார்த்துவிடு. ரேடியோவில் காற்றோடு சேர்த்து மைனஸ் 40 என்று சொன்னால் பயப்படாதே. அந்தக் கணக்கு உன் தோலுக்கு. வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் உண்மையான குளிருக்குக் கீழே போகாது, காற்றில் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். ஆனால் உன் தோல் முக்கியம். வண்டி சரியாகும்வரை பஸ்ஸில் போ, கையுறை, குல்லாய் இல்லாமல் ஸ்டாப்பில் நிற்காதே. வண்டி வந்த பிறகு பின்சீட்டில் ஒரு கம்பளி எப்போதும் கிடக்கட்டும்.

உன் அம்மா கருவாடும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம். இங்கே வாடைக்காற்று பலமாக அடிக்கிறது, வடகடலில் படகு போகாததால் கம்பெனியிலும் வேலை குறைவு. அதனால் எந்த நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு.

மெக்கானிக் புதுக் கூலன்ட்டைச் சோதித்ததும் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படம் எடுத்து எனக்கு அனுப்பு. மைனஸ் 37-ஆவது காட்டவேண்டும். அந்தக் குளிர்வரை எட்டாமல் முன்னாலேயே நின்றால் வண்டியை வாங்காதே, அங்கேயே விட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா