முட்டி வலியோடு விளையாடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பு ஆரம்பிக்கிற இடத்தில் சின்ன மேடு ஒன்று தெரிகிறது. விரலால் அழுத்தினால் அங்கே மட்டும் உயிர் போகிறது, குதித்து இறங்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் வலி, சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியை உன் பாட்டி எடுத்துக்கொள்கிறார், அதனால் எழுதியே அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

போட்டோவை மட்டும் பார்த்து என்னைப் போன்ற எந்தப் பிசியோதெரபிஸ்டும் இதுதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும். அங்கே டாக்டரிடம் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். ஆனால் பதின்மூன்று வயது, கிடுகிடுவென வளர்கிற உயரம், தினமும் வாலிபாலில் எம்பி எம்பி ஸ்பைக்கும் பிளாக்கும், வலிக்கிற அந்த ஒரே இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றே தோன்றுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்படாதே. 1903-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள், அந்த இரண்டு டாக்டர்களின் பெயர்தான் அது. கபடி, ஓட்டம், வாலிபால் என்று ஓடியாடுகிற உன் வயதுப் பையன்கள் இந்த மேட்டோடு எங்கள் ஓ.பி.க்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசை முட்டிச் சில்லைத் தாண்டி இறங்கி, தடித்த நாணாக அந்த மேட்டில் வந்து பிடிக்கிறது. எங்களுக்கெல்லாம் அந்த இடம் கெட்டி எலும்பு, உனக்கு அது இன்னும் முழுசாக எலும்பாகவில்லை, குருத்தெலும்பு கலந்த பருவத்தில் இருக்கிறது. நீ எம்பும்போதும் தரையில் இறங்கும்போதும் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. எலும்பு வேகமாக நீளும் நேரத்தில் தொடைத் தசையும் இறுக்கமாக இருப்பதால் இழுப்பு இன்னும் கூடுகிறது. ஓரிரண்டு தடவை இழுத்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். காலையில் அத்தனை ஸ்பைக், சாயங்காலம் மேட்ச், ஆறுவதற்குள் மறுநாள் சிமெண்ட் தரையில் மறுபடியும் என்றால் அந்த இடம் என்னதான் செய்யும்?

"வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும், தானா போயிடும்" என்று சீனியர் அண்ணன்கள் சொன்னார்களாம். வளர்ச்சி வலி என்பது வேறு. அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் இரண்டு காலிலும் வரும், காலையில் எழுந்து ஓடிவிடுவார்கள். உன்னுடையது விளையாட்டோடு வருகிற, விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி. எலும்பு முதிர்ந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும் என்பது உண்மைதான், மேடு மட்டும் சிலருக்கு நின்றுவிடும். அதுவரை ஸ்ப்ரே அடித்து, முட்டி உறையை இறுக்கி மாட்டிக்கொண்டு ஆடுவது வைத்தியம் இல்லை, அதனால் வலி மறையுமே தவிர இழுப்பு குறையாது. எண்ணெய் போட்டு அந்த மேட்டை யாரும் நீவி விட வேண்டாம். ஊசி போட்டால் உடனே ஆடலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதே, எனக்குச் சொல்.

அதற்காகப் படுத்தே கிடக்கச் சொல்லவில்லை. முழு ஓய்வில் தொடைத் தசை இளைத்துவிடும், திரும்பிப் போய்க் குதிக்கிற முதல் வாரமே வலி வந்து நிற்கும். முதல் நான்கு வாரம் குதிப்பது, வேகமாக ஓடுவது, முட்டி போடுவது மூன்றும் வேண்டாம். நின்றபடி பாஸ் பண்ணு, செட் பண்ணு, சர்வீஸ் போடு. தினமும் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடி. முப்பது விநாடி பிடித்துவிட்டு விடு, பத்து தடவை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துகிற பயிற்சியும் செய், உனக்குத் தெரிந்ததுதான். ஐந்தாவது வாரத்திலிருந்து சுவரில் முதுகைச் சாய்த்து மெதுவாக இறங்கி ஏறும் ஸ்குவாட், அப்புறம் லஞ்சஸ், அதாவது ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கி ஏறுவது. வேகம் வேண்டாம், இறங்க மூன்று விநாடி, ஏற மூன்று விநாடி. பயிற்சி முடிந்து வலித்தால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வை.

வலிக்கு ஒரு நம்பர் கொடுத்துப் பழகு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. இரண்டுக்குள் இருந்தால் செய்யலாம். மூன்றைத் தொட்டால் எண்ணிக்கையைக் குறை. ஐந்தைத் தாண்டினாலோ, மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வலி முதலில் போய்விடும், முட்டி தயாராவது அதற்கு ரொம்பப் பின்னால்தான். டென்மார்க்கில் உன்னைப் போன்ற 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 51 பேரிடம் இதே வழியில் சிகிச்சை செய்து 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள். 12 வாரத்தில் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறிவிட்டோம் என்றார்கள். ஆனால் அப்போது விளையாட்டுக்குத் திரும்பியிருந்தவர்கள் 16 சதவீதம்தான், ஒரு வருடம் ஆனபோதுதான் அது 69 சதவீதம் ஆனது. நடுவில் இருக்கிற அந்தக் காலத்தில்தான் பிள்ளைகள் "எனக்குச் சரியாயிடுச்சு" என்று குதித்துத் திரும்பி வருகிறார்கள். அடுத்த மாத செலக்‌ஷனை நினைத்து நீயும் அப்படிச் செய்துவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை.

டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து கோச் சாரிடம் மறைக்கிறாய், எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானதுதான், அந்த இடத்துக்கு நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். ஆனால் நொண்டிக்கொண்டு எம்புகிற பையனை எந்த கோச்சும் கண்டுபிடித்துவிடுவார். நீயே போய்ச் சொல், "சார், குதிக்கிறது மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம், மத்த எல்லாம் செய்றேன்" என்று. நானும் அவருக்கு போன் செய்கிறேன். வாரம் ஒரு நாளாவது முழு லீவு வேண்டும் என்பதையும் கேட்கப் போகிறேன். வாரத்தில் மொத்தப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு, அப்படியென்றால் உனக்குப் பதின்மூன்று மணி நேரம்.

சில விஷயங்களில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. முட்டி முழுவதும் வீங்கினால், ராத்திரி வலியில் தூக்கம் கலைந்தால், காய்ச்சல் சேர்ந்தால், மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், எம்பும்போது சட்டென்று ஏதோ பிய்ந்த மாதிரி இருந்து காலை ஊன்ற முடியாவிட்டால், உடனே வார்டனிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. நொண்டலோடு இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலித்தாலும் அப்படித்தான், உன் வயதில் இடுப்பு மூட்டில் வரும் கோளாறு சில நேரம் முட்டி வலியாகத்தான் தெரியும். டாக்டரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்.

அப்பா இந்தச் சனிக்கிழமை வருகிறார். கெட்டித் துண்டு ஒன்றும் ஐஸ் பையும் கொடுத்து அனுப்புகிறேன், பாட்டி கடலை உருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். உன்னை டாக்டரிடம் அப்பாவே கூட்டிப் போவார், அன்றைக்குக் காலைப் பயிற்சிக்கு லீவு கேட்டு வை. ஷூ அடி தேய்ந்திருந்தால் சைஸைப் பார்த்துச் சொல், கால் வளர்ந்திருக்கும்.

அம்மா