பறை காய்ச்ச இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி வட்டாரத்தில் மாசி, பங்குனித் திருவிழாக்களுக்குப் பறையும் நையாண்டி மேளமும் அமர்த்தும் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பறைத்தோல் இரவுப் பனியில் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும், ஓசை மந்தமாகும். தீயில் காய்ச்சினால்தான் மறுபடி விறைக்கும். ஒருமுறை காய்ச்சினால் போதாது. ஆட்டத்துக்கு நடுவிலும் காய்ச்ச வேண்டிவரும். ஆகவே கீற்றுப்பந்தலுக்குத் தள்ளி, காற்று மறைவில் இடமும், வைக்கோலும், ஒரு வாளித் தண்ணீரும் தயாராக வையுங்கள். தீ மூட்டக் கூடாதென்று கலைஞர்களை விரட்டுவது பெரும் அநியாயம்.

நையாண்டி மேளத்தில் வாசிக்கும் தவில், பம்பை ஆகிய கொட்டுகளுக்குத் தெருவில் மைக் தேவையே இல்லை. கரகம் ஆடுபவர் தவிலின் அடியைக் கேட்டுத்தான் கால் மாற்றுகிறார்; அருகிலேயே குழாய் ஒலிபெருக்கி அலறினால் தாளம் தப்பும். அதைத் தெருமுனைக்கு மாற்றுங்கள்.

வாசகர்கள்,
காரைக்குடி