விலை எப்படிச் சரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாண்டி பஜார் டாட்டூக் கடைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘கடைக்குக் கடை போட்டி, விலை பாதியாகிவிட்டது, இளைஞர்களுக்குக் கொண்டாட்டம்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அந்தப் பக்கம் டாட்டூக் கடை வைத்திருப்பவள் நான். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

விலை எப்படிப் பாதியாகிறது என்று உங்கள் நிருபர் யாரையாவது கேட்டாரா? ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவர் மேல் படக் கூடாது. சின்ன மூடியில் ஊற்றிய மை மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். கையுறை, மெஷினுக்குச் சுற்றும் உறை எல்லாம் ஒரே ஆளோடு சரி. இத்தனையும் செய்துவிட்டு, சதுர அங்குலம் 100 ரூபாய்க்குக் குத்திக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. அந்த விலைக்குக் குத்துகிறார்கள் என்றால் எதிலோ கை வைக்கிறார்கள். அது ஊசியாக இருந்தால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. வரைக்கும் போய்விடும். சமீபத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்து மணிக்கட்டை நீட்டினாள். ஊசி அளவுக்கு மேல் இறங்கி மை பரவியதில், அம்மாவின் பெயர் நீலத் திட்டாகக் கிடந்தது. ஓரமெல்லாம் தடித்துச் சீழ் கோத்திருந்தது. முதலில் டாக்டரைப் பார் என்று அனுப்பிவைத்தேன். இதுவா கொண்டாட்டம்?

2013-இல் நடைபாதை வியாபாரிகளைக் கட்டடத்துக்குள் அனுப்பியபோதும் தெரு அழகானதைத்தான் எழுதினீர்கள். 2019-இல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் அதேதான். அப்புறம் எங்கள் வாடகை ஏறிய கதையை யாரும் எழுதவில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் அலங்காரம் என்று ஆட்களின் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூக் கடைக்காரர் கைதானதும், ‘டாட்டூ கலாசாரம்’ என்று எங்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டீர்கள். என் பாட்டியின் முன்கையில் குறத்தி குத்திய கோலம் கடைசிவரை இருந்தது. அவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. போதாததற்கு, ‘மூன்றே நாளில் டாட்டூ கலைஞர் ஆகலாம்’ என்ற விளம்பரம் உங்கள் இதழிலேயே வருகிறது. இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லாத நாட்டில், அந்த மூன்று நாள்காரர்கள் நேராகக் கடை போட்டுவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள். ஊசிப் பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும், குத்தினால் ஓராண்டு ரத்ததானம் செய்ய முடியாது. இந்த இரண்டு தகவல் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தி.நகர், சென்னை