ஒட்டி நிற்பது உரிமை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் புதுச்சேரி வண்டி உள்ளே நுழைந்ததும் நடக்கிற தள்ளுமுள்ளு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேருந்து போதவில்லை என்பார்கள், சரி. ஆனால் பாதி காலியாக வரும் வண்டியிலும், ஏறுகிற பெண்ணின் பின்கழுத்தில் மூச்சு படும்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அதற்கு என்ன காரணம் சொல்வது?

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவன வேலையாக இந்தோனேசியாவின் ஆச்சேயில் கொஞ்ச காலம் இருந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று நம் தேவனாம்பட்டினத்தை அடித்த அதே சுனாமி, அதற்கு முன்பே அந்த மாகாணத்தைச் சூறையாடியிருந்தது. அங்கே யாரும் விறைப்பாக விலகி நிற்கிறவர்கள் இல்லை. பண்டா ஆச்சே காப்பிக் கடைகளில் ஆண்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள், பெண்கள் கையைப் பிடித்தபடியே கதை பேசுவார்கள், சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் கையை வாங்கி நெற்றியிலோ மூக்கிலோ ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் அறிமுகமில்லாத ஆண்கள் பெரும்பாலும் பெண்ணான என்னிடம் கைகுலுக்கக் கை நீட்டவில்லை. இரண்டு கையையும் நெஞ்சருகே குவித்துத் தலையை லேசாகச் சாய்த்தார்கள். கும்பிடத் தெரிந்த நமக்கு இது புதிதா என்ன!

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் கடந்து போக வேண்டியிருந்தால் முதுகை வளைத்து, வலது கையைத் தாழ நீட்டி, வாய்விட்டு அனுமதி கேட்டுக்கொண்டே மெதுவாகப் போவார்கள். உட்கார்ந்திருப்பவரும் காலை மடக்கி வழி விடுவார். அடுத்தவரைச் சுற்றியிருக்கிற இடமும் அவருடையது, கேட்காமல் நுழையக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள்.

அங்கே எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்லவில்லை. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் தனியாக நெருங்கி இருந்தால் சட்டப்படியே குற்றம், 2014-இல் நிறைவேறிய சட்டத்தில் அதற்குப் பிரம்படி வரை உண்டு. 2013-இல் லோக்சுமாவே நகரில், பைக்கில் பின்னால் உட்காரும் பெண்கள் இரண்டு பக்கமும் கால் போடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். பெண்ணுக்கு இடம் விடுவது வேறு, அவள் எப்படி உட்கார வேண்டும் என்று காவல் காப்பது வேறு. இந்த இரண்டாவது நமக்கு வேண்டவே வேண்டாம்.

நடத்துநர்களிடம் நான் கேட்பது இதுதான்: வண்டி நின்றதும் படிக்கட்டுப் பக்கம் நின்று, "அவங்க ஏறட்டும், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒரு சத்தம் கொடுங்கள். ஒட்டி நிற்கிறவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிற சக பயணிகளும் அதையே சொல்லலாம். கல்லூரிக்குப் போகிற பெண்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஏன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.